கக்கூஸுக்கு நான் வைத்த பெயர்

நாலரைக்குக் கடைசி மணி அடித்ததும் பள்ளி வாசலுக்கு வெளியே இருந்த தெருக்குழாயில் வாய் வைத்துக் குடித்த தண்ணீரின் ருசி, துருவும் வெயிலும் கலந்த அந்த வெதுவெதுப்பு, இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது. முப்பது நாற்பது பெண்கள் ஒருத்தி முதுகை ஒருத்தி இடித்துக்கொண்டு, தாவணி முந்தானையும் சட்டைக் காலரும் நனைய நனைய வயிறு முட்டக் குடிப்போம். தெருவில் போகிறவர்கள் எங்களைப் பார்த்து, பிள்ளைகள் நன்றாக விளையாடிவிட்டு வந்திருக்கின்றன என்று நினைத்திருக்கலாம். நாங்கள் விளையாடவில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கத்தில் அறுநூறு பெண்பிள்ளைகள் நாக்கு வறண்டு படித்தோம் என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். அப்போது அதை யாரும் பெரிதாக நினைக்கவே இல்லை.

காரணம் எளிமையானது. பள்ளியின் பின்பக்கம், மதிலை ஒட்டி, நான்கு கக்கூஸ்கள் இருந்தன. முதல் இரண்டுக்குக் கதவு இல்லை. எந்தக் காலத்திலோ இற்று விழுந்துவிட்டது. மூன்றாவதற்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. நான்காவது வெள்ளையடித்து, வாளியும் சோப்பும் வைத்து, பெரிய பூட்டுப் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். அது வருகிற விருந்தினர்களுக்கு. விருந்தினர்கள் வருடத்துக்கு இரண்டு முறை வந்தார்கள். நாங்கள் தினமும் வந்தோம் என்பதால் எங்களுக்கு அந்த மூன்றாவது. அதற்குள் ஒருத்தி போனால் வெளியே இன்னொருத்தி கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு எங்கள் பாஷையில் ‘கதவு பிடிக்கிறது’ என்று பெயர். எல்லோரையும் நம்பி உள்ளே போய்விட முடியாது. பாதியில் கதவை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சிரிக்கிறவர்களும் இருந்தார்கள்.

எனக்குக் கதவு பிடித்தவள் இந்திராணி. அவளுக்கு நான். அவள் கொள்ளிடத்துக்கு அக்கரையில் நொச்சியத்திலிருந்து வருகிறவள். அவள் அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் வாழைக் கொல்லை இருந்தது. ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பிப் போய்ச் சேர ஆறு ஆகும். அந்தப் பதினோரு மணி நேரத்தை அவள் எப்படிச் சமாளித்தாள் என்பதை, திருவானைக்காவலிலிருந்து நடந்து வந்து நடந்து போன நான் யோசித்ததே இல்லை. எங்கள் அம்மாக்கள் யோசித்திருந்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழி ஒன்றுதான். “காலையில தண்ணி குடிக்காதடி, அங்க போயி எங்க ஒதுங்குவ?” என்று என் அம்மா தினமும் சொல்வாள். அறுநூறு வீட்டிலும் அறுநூறு அம்மாக்கள் இதையே சொல்லியிருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு கதவு கேட்கலாம் என்று அவர்களில் ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, எங்கள் தாளாளருக்குப் பின்பக்கத்து விவகாரத்தில் திடீரென்று அக்கறை வந்தது. தாளாளர் என்றால் பள்ளியை நடத்துகிறவர். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம், வாயைத் திறந்தால் மேடைத் தமிழ். ஒருநாள் வெளியூர்ப் பிரமுகர் ஒருவரை அழைத்துக்கொண்டு வராந்தாவில் அவர் நடந்து வந்தபோது, ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, “டீச்சர், அவசரமா கக்கூஸ் போவணும்” என்று கத்திவிட்டாள். பிரமுகர் சிரித்தார். தாளாளர் முகம் கறுத்துப்போனது. அந்தச் சிறுமி எங்கே போனாள், எப்படிப் போனாள் என்று அவர் கேட்கவில்லை. அவள் சொன்ன சொல்தான் அவரை உறுத்தியது.

மறுநாள் காலை பிரார்த்தனை முடிந்ததும் அரைமணி நேரம் பேசினார். “நாகப்பட்டினத்திலே கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானே டச்சுக்காரன், அவன் விட்டுவிட்டுப் போன அழுக்கு அது! ‘கக்’ என்றால் மலம், ‘ஹௌஸ்’ என்றால் வீடு. இரண்டையும் சேர்த்து அவன் சொன்னதை நம் பெண்கள் கூச்சமில்லாமல் வாயில் போட்டுக்கொள்ளலாமா?” என்று அவர் கேட்டபோது நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் “கூடாது ஐயா” என்றோம். வெயிலில் நிற்கவைத்துக் கேட்டால் பிள்ளைகள் எதற்கும் கூடாது என்று சொல்லும். அதே டச்சுக்காரன் விட்டுப்போனதாகச் சொல்லப்படும் ‘துட்டு’ என்ற சொல்லை மட்டும் அவர் ஒருநாளும் தடை செய்யவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பதிலாக நல்ல தமிழ்ச் சொல் ஒன்று உருவாக்க வேண்டும் என்று போட்டி வைத்தார். நான் அந்த நாட்களில் எந்தப் போட்டி என்றாலும் பெயர் கொடுக்கிற ரகம். ஆசிரியர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுகிற, தூக்கிய கையைச் சுற்றிலும் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் எண்ணிக்கொள்கிற பிள்ளை. இரண்டு நாள் யோசித்து ‘தூய்மையகம்’ என்று எழுதிக் கொடுத்தேன். தாளாளர் தன் பங்குக்கு முன்னால் ‘நல’ சேர்த்தார். ‘நலத்தூய்மையகம்’ ஆயிற்று.

அதற்கு ஒரு திறப்பு விழா நடந்தது, நான் மிகைப்படுத்தவில்லை. மதிலில் வெள்ளையடித்து நீல எழுத்தில் பெயர் எழுதினார்கள். வாசலில் வாழைமரம் கட்டி, குறுக்கே ரிப்பன் கட்டி, தாளாளர் கத்தரித்தார். கதவில்லாத இரண்டும் கதவில்லாமலே, தாழ்ப்பாளில்லாதது தாழ்ப்பாளில்லாமலே நின்றன. எனக்கு ஒரு எவர்சில்வர் சொம்பு பரிசு. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை பார்த்த என் அப்பா சாயங்காலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கக்கூஸுக்குப் பேர் வச்சதுக்குச் சொம்பு குடுத்திருக்காங்க, பொருத்தமாத்தான் குடுத்திருக்காங்க” என்று விழுந்து விழுந்து சிரித்தார். நான் கோபித்துக்கொண்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அந்த வயதில் எனக்கு அப்பாவைவிடத் தாளாளர் மேலானவராகத் தெரிந்தார் என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

அன்றிலிருந்து புதிய சட்டம் வந்தது. வகுப்பிலிருந்து வெளியே போக வேண்டுமென்றால், “அம்மா, நலத்தூய்மையகம் செல்ல அனுமதி வேண்டும்” என்று சொல்ல வேண்டும். பழைய சொல்லைச் சொன்னால் அனுமதி கிடையாது. பீரியட் முடியும்வரை நிற்க வேண்டும். இதில் அதிகக் கண்டிப்புக் காட்டியவர் எங்கள் தமிழாசிரியை. நாங்கள் அவரைத் தமிழம்மா என்று கூப்பிடுவோம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தாளாளர் எந்த ஜன்னல் பக்கம் நிற்கிறாரோ என்ற பயத்திலேயே பாடம் நடத்துகிறவர். பயந்தவர்கள் செய்கிற கொடுமை கெட்டவர்கள் செய்வதைவிடக் குறைவாக வலிப்பதில்லை.

அரைப்பரீட்சை முடிந்து பள்ளி திறந்த வாரம் இந்திராணிக்கு உடம்பு சரியில்லை. நீர்க்கடுப்பு. தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி வந்ததுதான் என்று இன்றைக்கு எந்த டாக்டரும் சொல்வார். அன்றைக்கு அதைப் பற்றி வாயைத் திறப்பதே வெட்கம். காலையில் என்னிடம் மட்டும், “எரியுதுடி, உக்கார முடியல” என்று சொன்னாள். இடைவேளையில் இரண்டு முறை கதவு பிடித்தேன். நாலாவது பீரியட் தமிழ். பாதி வகுப்பில் அவள் எழுந்து நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை.

“அம்மா, கக்கூஸ்…”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தமிழம்மா ஜன்னலைப் பார்த்தார். “சரியான சொல்லைச் சொல்லு” என்றார்.

“அம்மா… நல… நலத்து…”

அவளுக்கு அது வாயில் வரவில்லை. நன்றாக இருக்கும்போதே அவளுக்கு வராது. வழியில் நான் கேலி செய்து சொல்லிக்கொடுப்பேன். தமிழம்மா என் பக்கம் திரும்பி, “கலா, நீ வச்ச பேருதானே, நீயே சொல்லிக்கொடு” என்றார்.

நான் எழுந்தேன். அவள் படும் பாடு எனக்கு மட்டும்தான் தெரியும். ‘அம்மா, அவளுக்கு உடம்பு சரியில்லை’ என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன் என்றால், தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் பேசுகிற மாதிரி, ஒவ்வோர் எழுத்தாக, “ந-ல-த்-தூ-ய்-மை-ய-க-ம்” என்று சொன்னேன். சொல்லிவிட்டு, “எங்க, திருப்பிச் சொல்லு” என்றும் கேட்டேன். அதை யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை.

இந்திராணி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாவாடை நனைந்து, பெஞ்சுக்குக் கீழே தரையில் ஓடி, முன்வரிசைப் பெண்கள் காலைத் தூக்கிக்கொண்டு கிறீச்சிட்டார்கள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் அழவில்லை. புத்தகங்களைப் பைக்குள் வைத்து, பையை முன்னால் பிடித்துக்கொண்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல் வெளியே நடந்தாள். ஆயா அஞ்சலை அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கழுவிவிட்டு, தன் துண்டைச் சுற்றிக் கட்டி பஸ் ஏற்றிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதன் பிறகு இந்திராணி வகுப்புக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. “அந்தப் பொண்ணு வயசுக்கு வந்துட்டாளாம், நிறுத்திட்டாங்களாம்” என்று என் அம்மா யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள். எல்லோருக்கும் வசதியான காரணம். நானும் அதை எடுத்துக்கொண்டேன்.

ஆண்டுவிழா மார்ச்சில் வந்தது. விருந்தினர் முன்னால் நான் பெயர் வைத்த கதையை நானே பேச வேண்டும் என்று ஏற்பாடு. பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் காத்திருந்தேன். அங்கே ஸ்டூலில் அஞ்சலை ஆயா சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தாள். அப்போது தாளாளர் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடையும் ஓட்டமுமாக வந்தார். மத்தியான விருந்து அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

“ஆயா, கக்கூஸ் சாவி எங்க? சீக்கிரம் எடு!”

ஆயா மெதுவாக எழுந்தாள். “எதுங்கய்யா?”

“கக்கூஸ் சாவிம்மா, கக்கூஸ்!”

“அந்த வார்த்தைய சொல்லக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க.”

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னாள். பிறகு கொத்திலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். இது ஆபீஸ் ரூமு, இது பீரோ, இது மணி ரூமு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடினாள். பதினைந்து வருடமாக அந்தக் கொத்தை இடுப்பில் சொருகியிருந்தவளுக்கு எது எந்தச் சாவி என்று இருட்டிலும் தெரியும். தாளாளர் ஒரு காலை மாற்றி ஒரு கால் வைத்துத் தவித்தார். நெற்றியில் வியர்வை பொடித்தது. கடைசியில் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஆயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரியும்; என் பரிசும் தெரியும். மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். ஐந்து நிமிடம் கழித்து நான் மேடையேறி, டச்சுக்காரனின் அழுக்கைப் பற்றி, தங்குதடையில்லாமல் பேசிக் கைதட்டு வாங்கினேன்.

இப்போது என் மகள் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள். கே.கே. நகர் வீட்டில் நான் தனியாக இருப்பதால் தினமும் போன் செய்வாள். ஒருநாள், “அம்மா, கக்கூஸ் இவங்க வார்த்தைதாம்மா! ஆபீஸ்ல சொன்னேன், ஒரே சிரிப்பு” என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். “ஆனா அதுக்கு இவங்க ஊர்ல இன்னும் நிறைய அர்த்தம் இருக்காம்” என்று அவள் சொன்னதுதான் எனக்குத் தெரியாதது. அந்த ‘கக்’ டச்சுக்காரனின் சொந்தச் சொத்துகூட இல்லையாம். லத்தீனிலும் அக்கம்பக்கத்து மொழிகளிலும் குழந்தைகள் வாயில் என்றைக்கோ புழங்கிய சொல்லாம். அங்கே பணக்காரத் தோரணையோடு மிதப்பாகத் திரிகிற கூட்டத்தையும் அதே சொல்லால்தான் சொல்வார்களாம். உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே பகட்டுக் காட்டினால் ‘ஆறிப்போன கக்’ என்பார்களாம். நாலு பேர் முன்னால் ஒருவரைத் தலைகுனிய வைத்தால், அவரைக் ‘கக்’கில் வைத்துவிட்டார்கள் என்பார்களாம்.

மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுநூறு பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி எங்கள் தாளாளர் ஓர் அர்த்தத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தார். மற்ற அர்த்தங்களாக அவரே எங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நான் சொம்போடு நின்றேன்.

போன மாதம் வயிற்று வலிக்காகப் புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்க வைத்து, “அடக்கிக்கிட்டு உக்காருங்கம்மா” என்று வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எதிரே மருமகளைக் கூட்டிவந்திருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டுச் சீட்டைச் சரிபார்த்ததும் எழுந்து வந்தாள்.

“நீங்க ஆனைக்கா கலாதானே? நான் இந்திராணி.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் எத்தனை, வீடு எங்கே என்று சாதாரணமாக விசாரித்தாள். படிப்பை விட்டுவிட்டாளே என்று இத்தனை வருடம் மனசுக்குள் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்த நான், “அப்புறம் நீ படிக்கவே இல்லையா?” என்று கேட்டேன்.

“ஏன் படிக்காம? மண்ணச்சநல்லூர்ல சேர்ந்து பத்தாவது முடிச்சேன். அங்க கக்கூஸே கிடையாது, பக்கத்துல கருவேலங்காடுதான். ஆனா யாரும் பேரு கேக்கல.”

“வயசுக்கு வந்துட்டன்னு நிறுத்திட்டதா சொன்னாங்க…”

“யாரு சொன்னா? மறுநாளே எங்கப்பா அங்க வந்தாரு. ‘வீட்டுல பனஞ்சட்டம் கிடக்கு, நானே ரெண்டு கதவும் ஒரு தாழ்ப்பாளும் செஞ்சு மாட்டித் தரேங்க’ன்னு கேட்டாரு. அந்த ஆளு, ‘எங்க பள்ளியில என்ன குறையைக் கண்டே’ன்னு மத்தியானம் வரைக்கும் வெளிவாசல் வெயில்ல நிக்க வச்சு விரட்டிவிட்டான். நானும் கூடத்தான் நின்னேன். வரும்போது பஸ்ல நான்தான் அப்பாகிட்ட சொன்னேன், இந்த ஸ்கூலு நமக்கு வேணாம்ப்பான்னு.”

அவள் குரலில் வருத்தமே இல்லை. வேண்டாத பொருளைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. தாளாளரும் தமிழம்மாவும் அஞ்சலை ஆயாவும் இல்லை. நான் செய்த சொல்லை எனக்குப் பின் யாரும் சொல்லவில்லை; அவர் விரட்டிய சொல்லோ பாத்ரூம், டாய்லெட், ரெஸ்ட்ரூம் என்று ஒவ்வொன்றாக வந்து இடித்துத் தள்ளியதில் தானாகவே தேய்ந்துவிட்டது. இருபது வயதுப் பிள்ளைகள் அதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

உள்ளேயிருந்து அவள் மருமகளைக் கூப்பிட்டார்கள். இந்திராணி எழுந்தாள். இப்போது விட்டால் இனி முடியாது என்று தோன்றி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இந்திராணி, அன்னிக்கு எல்லாரும் சிரிச்சப்ப, நானும் சிரிச்சுட்டேன்.”

“தெரியும்” என்றாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். “நீதான் மொதல்ல சிரிச்ச.”